கடைசிப் படகைப் போக விடுங்கள்: யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் வருகிற ஆக்களில் அநேகம் பேர் நெடுந்தீவை ஒரு பகலுக்குள் முடித்துவிடுகிறார்கள். காலைப் படகில் போய் இறங்கி, ஓட்டோ ஒன்றைப் பிடித்து, குதிரை, கோட்டை, பெருக்கமரம், வளரும் கல் என்று ஓடி, நிமிடத்துக்கு ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்துப் பின்னேரப் படகில் திரும்புகிறார்கள். அப்படிப் பார்க்கத் தனியாக வரத் தேவையில்லை. வான் பிடித்துக் குடும்பமாகவே வரலாம். தோளில் பையோடு தனியாக வருகிற ஆளுக்குக் கையிலுள்ள ஒரே வசதி, யாரையும் கேட்காமல் கடைசிப் படகைப் போக விடலாம் என்பதுதான். அந்த வசதியை வீணாக்காமல் தீவுகளையும் வடக்குக் கரையையும் எப்படிச் சுற்றுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் உரும்பிராய்க்காரி. செம்மண், வெங்காயம், வாழை, கிணறு, இதுதான் எங்கள் ஊர். எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கடல் என்றால் மீன் வருகிற இடம், அவ்வளவுதான். செத்தவருக்கு அந்தியேட்டி செய்யக் கீரிமலை, அம்மனுக்கு நயினாதீவு, அதைத் தாண்டி ஏன் போக வேண்டும் என்பது என் அம்மாவின் கட்சி. பொம்பிளைப்பிள்ளை தனியாகப் பை தூக்கித் தீவுக்குப் போவதை வீட்டில் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பெண்களுக்கான விசயங்களை இடைக்கிடை சொல்லிக்கொண்டு போவேன். ஆண்களும் வாசிக்கலாம், நட்டமில்லை.

காற்றைக் கேட்டு மாதத்தைத் தெரியுங்கள்

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த நாளில் கடல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. நீங்கள் தீவில் நின்றால் தீவில்தான், கரையில் நின்றால் கரையில்தான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், தென்மேற்குக் காற்று. மழை இல்லை, வானம் பளிச்சென்று இருக்கும், படத்துக்கு நல்லாக இருக்கும். ஆனால் நெடுந்தீவுப் படகில் ஏறினால் காலையில் சாப்பிட்டது எங்கே நிற்கிறது என்று வடிவாகத் தெரியவரும். சைக்கிள்காரருக்கும் சோளகம் ஆகாது. பட்டினத்தையும் தீவையும் சேர்க்கிற கடல் றோட்டான பண்ணைத் தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீர், மறைக்க ஒரு மரமில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளும்.

நல்ல காலம் தை கடைசியிலிருந்து சித்திரை நடு வரை. அதிலும் மாசியும் பங்குனியும். கடல் அடங்கியிருக்கும், வெயில் இன்னும் கொல்லத் தொடங்கியிராது. மண்டைதீவுப் பக்கக் கடல்நீரேரியில் பூநாரைகள் நின்றால் பஸ் யன்னலாலேயே பார்க்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் நெடுந்தீவில் நடப்பது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, போய்ப் பாருங்கள்.

சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பள்ளிக்கூட விடுமுறை நாட்களை விட்டுவிடுங்கள். தெற்கிலிருந்து நயினாதீவிலுள்ள புத்த கோயிலான நாகவிகாரைக்கு வருகிற யாத்திரிகர் பஸ் பஸ்ஸாகப் படகுத்துறையான குறிகட்டுவானில் இறங்குவார்கள். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழா. அதைப் பார்க்கவென்றே வந்தால் சரி, அமைதி தேடி வந்தால் சரிவராது.

பைக்குள்

முப்பது, முப்பத்தைந்து லீற்றர்ப் பை போதும். படகில் ஏறும்போது பையை முன்னால் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் ஏற வேண்டும். ஒரு கையால் தூக்கிக் கொடுக்க முடியாத பை அதிகப் பை. உடுப்பெல்லாம் பொலித்தீனில் கட்டி உள்ளே வையுங்கள். மேலே போடுகிற மழையுறை கடல் தூவானத்தை அரைவாசிதான் மறிக்கும்.

ஒரு சாரம் (லுங்கி) கட்டாயம். ஆணோ பெண்ணோ, துடைக்க, விரிக்க, போர்க்க, உடுப்பு மாற்ற, வெயிலுக்குத் தலையில் போட, எல்லாத்துக்கும் அது ஒன்று போதும். கோயிலுக்குள் போக ஆண்கள் சேர்ட்டைக் கழற்ற வேண்டிவரும். பெண்கள் முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை ஒன்றும் தோளை மூட ஒரு சால்வையும் வைத்திருங்கள். கடற்கரை உடுப்போடு ஊருக்குள் நடக்காதீர்கள். யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் பிறகு உங்களோடு கதைக்கவும் மாட்டார்கள்.

செருப்பு குதிக்காலில் வார் உள்ளதாக இருக்கட்டும். இங்கே கரையெல்லாம் மணல் இல்லை, பாதி முருகைக்கல். வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்கினால் வெட்டும். அந்த வெட்டு உப்பில் ஆறாது. ரோச், பவர் பாங், ஓஆர்எஸ் பைக்கற் இரண்டு, அடையாள அட்டை அல்லது பாஸ்போட். காசைப் பட்டினத்திலேயே எடுத்து, சில்லறையாக மாற்றிக்கொண்டு வாருங்கள். தீவில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் முகத்தைத்தான் பார்ப்பார்.

மற்றது தண்ணீர். தீவுகளில் பல கிணறு உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. நல்ல தண்ணீர்க் கிணறு எது என்று ஊராக்களுக்குத் தெரியும், கேளுங்கள். ஆனால் நல்ல தண்ணீர் அங்கே அருமையான சாமான். போத்தலை நிரப்பலாம், அதிலே உடுப்புத் தோய்க்கக் கூடாது.

குறிகட்டுவான் வரை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ். வேலணையைக் கடந்து, நீளத் தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போய், அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் துறையில் நிற்கும். ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிய முதல் பஸ்ஸிலேயே ஏறுங்கள். நயினாதீவுக்குப் பகல் முழுக்கப் படகு உண்டு. நெடுந்தீவுக்கு ஒரு நாளில் சிலதுதான். நேரம் அடிக்கடி மாறும், ஆகவே முதல் நாளே தங்குமிடத்துக்காரரை விட்டு நெடுந்தீவில் ஒருவருக்கு ஃபோன் போடச் சொல்லுங்கள். இணையத்தில் உள்ள நேர அட்டையை நம்பி வருகிறவர்களைத் துறையில் பார்க்கலாம். தேத்தண்ணிக் கடையில் இருப்பார்கள்.

பஸ்ஸிலேயே விசாரணை தொடங்கிவிடும். பக்கத்தில் இருக்கிற அம்மா முதலில் பையைப் பார்ப்பார், பிறகு உங்களை.

"எந்த ஊர் பிள்ளை?"

"உரும்பிராய், அம்மா."

"ஆரின்ரை மகள்? தனியவோ போறாய்?"

"ஓம்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

இதை உளவு என்று எடுக்காதீர்கள். இங்கே தனியாக ஒருவர் போகிறார் என்றால் ஒன்று செத்தவீடு, இல்லையென்றால் உத்தியோகம். மூன்றாவது காரணம் பழக்கமில்லை. மழுப்பாமல், சிரித்த முகத்தோடு, நாளைக்கு எங்கே தங்கப்போகிறீர்கள் என்பது வரை சொல்லுங்கள். இறங்கும்போது அந்த அம்மா படகுக்காரரிடம் "தம்பி, இந்தப் பிள்ளையை ஒருக்கால் பாத்து இறக்கிவிடு" என்று ஒப்படைத்திருப்பார். தனியாகப் போகிற பெண்ணுக்கு இதை விடப் பெரிய பாதுகாப்பை நான் காணவில்லை. பட்டினத்தில்தான் எனக்குக் கசப்பு. ஒரு விடுதியில் அறை பதிந்து போனபின், ஒற்றைப் பெண்ணுக்குக் கொடுக்கமாட்டோம் என்று வரவேற்பிலேயே திருப்பி அனுப்பினார்கள். பதியும்போதே "நான் தனி, பெண்" என்று எழுதிக் கேட்டு, ஓம் என்ற பதிலைப் படம் பிடித்து வைத்திருங்கள்.

துறையில் படகுகள் ஒன்றோடொன்று அணைத்துக் கட்டிக் கிடக்கும். முதலாவதில் ஏறி, அதைக் கடந்து, இரண்டாவதுக்குப் போக வேண்டிவரலாம். இரண்டு விளிம்பும் ஒன்றாக எழும்புகிற கணத்துக்குக் காத்து நின்று காலை வையுங்கள்; படகுக்காரர் முழங்கையைப் பிடிப்பார், பிடிக்க விடுங்கள். உயிர்காப்பு அங்கியைத் தந்தால் போடுங்கள், தராவிட்டால் கேட்டுப் போடுங்கள். மரப் படகுகளில் கீழே வாங்கு இருக்கும், யன்னல் சிறிசு, டீசல் மணம். வயிறு இளகினவர்கள் மேலே, நடுப்பகுதியில், போகிற திசையைப் பார்த்து இருங்கள். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் போகும்.

நெடுந்தீவில் இரவு

இறங்குகிற இடம் மாவலித்துறை. அங்கே ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள், குழந்தைகளும் அதில். நீங்கள் இப்போது வந்த அதே கடல்வழி. அந்தத் தூபிக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிற ஆக்களையும் பார்த்திருக்கிறேன்.

ஓட்டோக்காரர் வந்து "எல்லாம் காட்டுறன்" என்பார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி, தங்குமிடத்துக்குப் போய்ப் பையை வையுங்கள். தங்க ஒரு சில விடுதிகளும் வீடுகளும் உண்டு. வருமுன் ஃபோனில் பேசி, சாப்பாடும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இது முக்கியம். தீவில் கடை திறந்திருக்கும், சோறு இருக்காது. காலையில் சொன்னால் மத்தியானம் மீன்குழம்பும் சோறும் வரும். மத்தியானம் பசிக்கும்போது போய்ச் சொன்னால் பிஸ்கற்தான்.

சைக்கிள் ஒன்று வாடகைக்குக் கேளுங்கள். தீவு ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர், தட்டையோ தட்டை. ஒரு மேடு கிடையாது. றோட்டு பல இடத்தில் முருகைக்கல் பரல். ரயருக்குக் காற்று இருக்கிறதா, பிறேக் பிடிக்கிறதா என்று கொடுக்கிறவர் முன்னாலேயே பாருங்கள்.

இனி வேலிகள். மற்ற ஊரில் வேலி என்றால் கிடுகு, பனையோலை, கிளுவை. இங்கே முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி மதிலாக்கி வைத்திருக்கிறார்கள். வீடு, தோட்டம், வெறுங்காணி, எல்லாவற்றைச் சுற்றியும். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்ப் பாருங்கள். சில கல்லில் ஒரு சாண் அகலத்துக்கு மூளை மடிப்புப் போல வளைவு வளைவாக ஓடும். சிலதில் கடுகளவு துளை, ஒவ்வொரு துளைக்குள்ளும் நட்சத்திரம் மாதிரிக் கீற்று. ஒரு காலத்தில் உயிரோடு கடலுக்கடியில் இருந்தது. மழை ஈரத்தில் கறுப்பாகவும் வெயிலில் சாம்பலாகவும் தெரியும். கல்லை இழுத்துப் பார்க்காதீர்கள். சாந்து இல்லாத மதில், ஒன்றை எடுத்தால் பத்து விழும், அடுக்குவது வீட்டுக்காரர்.

குதிரைகள் போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, பின்னால் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வளர்த்தவற்றின் வழி என்று சொல்வார்கள். மட்டக் குதிரைகள், தெற்குப் பக்க வெளியில் கூட்டமாக நிற்கும். பகல் பதினொரு மணிக்கு ஓட்டோவில் போகிறவர்கள் தூரத்துப் புள்ளிகளாகத்தான் பார்ப்பார்கள். பின்னேரம் வெயில் தணிய, அல்லது விடிய ஆறு மணிக்கு, தண்ணீர் நிற்கிற இடங்களுக்கு அவை வரும். நீங்கள் இரவு தங்கினதற்கு இது ஒன்றே கணக்குத் தீர்த்துவிடும். கிட்டப் போகாதீர்கள், உணவு நீட்டாதீர்கள். குட்டியோடு நிற்கிற குதிரை உதைக்கும். கோடை முற்றினால் தண்ணீர் இல்லாமல் சாகிறவையும் உண்டு, அந்த எலும்புகளும் வெளியில் கிடக்கும்.

கோட்டை இடிந்து கிடக்கிறது. அதே முருகைக்கல், ஏறாதீர்கள். பெருக்கமரம் ஆபிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடியில் உள்ள பொந்துக்குள் ஆள் நுழையலாம். ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, தெற்கு முனையில் கப்பலுக்கு வெளிச்சம் காட்டிய குவிந்தா கோபுரம், மேற்கில் வெடியரசன் கோட்டை என்கிற கற்குவியல், இவை மூன்றும் சைக்கிளுக்கு ஒரு முழு நாள். வளர்ந்துகொண்டே வருகிறதென்று சொல்லப்படுகிற வளரும் கல்லையும், பெரிய காலடி போலப் பாறையில் தெரிகிற ராட்சதப் பாதத்தையும் நேரமிருந்தால் பாருங்கள். எனக்கு அவற்றில் பெரிய பிடிப்பு இல்லை.

பின்னேரப் படகு போனபிறகு தீவு மாறும். ஓட்டோக்காரருக்கு வேலையில்லை, கதைக்க நேரமிருக்கும். உங்களைப் பார்த்து "போகேல்லையோ?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நெடுந்தீவாக்கள் உங்களோடு ஒழுங்காகக் கதைக்கத் தொடங்குவார்கள்.

திரும்புகிற நாளுக்கும் விமானம், ரயிலுக்கும் இடையில் ஒரு வெறும் நாள் விட்டே ஆக வேண்டும். காற்று மாறினால் படகு நிற்கும், யாரும் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள்.

நயினாதீவு, பிறகு பாதை

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் திரும்பி, அங்கேயே நயினாதீவுப் படகு மாறலாம். கால் மணித்தியாலம். துறையடியிலேயே நாகபூசணி அம்மன் கோபுரம், கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் நாகவிகாரை. மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் போடுவார்கள், யாரென்று கேட்கமாட்டார்கள். சாப்பிட்டால் உண்டியலில் இயன்றதைப் போடுங்கள், வாளி தூக்க ஆள் தேவையென்றால் தூக்குங்கள்.

கச்சதீவுக்குப் பை தூக்கிப் போக முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: முடியாது. மாசி, பங்குனியை ஒட்டி வருகிற அந்தோனியார் திருவிழாவுக்கு முன்கூட்டியே பதிந்து போகிறதுதான் வழி.

புங்குடுதீவில் நடந்தால் பூட்டிக் கிடக்கும் பெரிய பெரிய வீடுகள் கண்ணில் படும். ஆக்கள் கனடாவிலும் பிரான்சிலும். படம் எடுக்க வளவுக்குள் இறங்காதீர்கள். சொந்தக்காரர் இருக்கிறார், அதோடு பற்றைக்குள் கட்டில்லாத கிணறும் இருக்கும்.

பஸ்ஸில் வேலணை வங்களாவடிக்கு வந்து, ஊர்காவற்றுறைக்கு மாறுங்கள். வேலணையிலேயே சாட்டிக் கடற்கரை உண்டு. குளிக்க நல்லது, ஆழமில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவு, அனலைதீவுக்கும் படகு உண்டு. அங்கே விடுதி தேடிப் போகாதீர்கள், தெரிந்த வீடு இருந்தால் மட்டும் தங்குங்கள்.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்கிறது 'பாதை'. தட்டையான மிதவை, காசில்லை. மோட்டார்சைக்கிள், சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக ஏறும். நடுக்கடலில் இடதுபக்கமோ வலதுபக்கமோ, நீங்கள் நிற்கிற பக்கத்தைப் பொறுத்து, தண்ணீரிலிருந்து எழும்பி நிற்பது கடற்கோட்டை. இப்போது கடற்படை நடத்துகிற விடுதி. கடக்கிற நேரம் சில நிமிடம்தான். யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பஸ்ஸில் வந்தால் அரை நாள் போயிருக்கும்.

காரைநகரில் கசூரினா கடற்கரை. சவுக்கு நிழல், வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், போத்தலும் பெரிய சத்தப் பாட்டும். கூடாரம் அடிக்கிற எண்ணத்தையும் விடுங்கள், பெண்கள் கட்டாயம்.

வடக்குக் கரை

பொன்னாலைப் பாலம் தாண்டினால் மாதகல், கீரிமலை, காங்கேசன்துறை, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. கரையை ஒட்டியே முழுக்க நடக்கலாம் என்று வரைபடம் சொல்லும். பலாலிப் பக்கம் முடியாது, இராணுவப் பகுதி. அறிவிப்புப் பலகை, முள்ளுக்கம்பி கண்டால் திரும்புங்கள், படம் எடுக்காதீர்கள், ட்ரோன் கொண்டுவராதீர்கள்.

கீரிமலைக் கேணியில் ஆண்களுக்குக் கடல் பார்த்த பக்கம், பெண்களுக்கு மதிலுக்குள் மறைவாக. கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் ஊற்று. தீவில் உவரில் குளித்த தலைமயிருக்கு அது ஒரு மருந்து. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன். அன்னதானக் கந்தன் என்றே பெயர், அங்கே பசியோடு யாரும் திரும்பியதில்லை. தையில் வந்தால் பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டம் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் காங்கேசன்துறையிலேயே வாசல் உண்டு. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. வாடைக் காலத்தில் நிறுத்துவார்கள், ஆகவே ரிக்கற் உறுதியான பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள்.

பருத்தித்துறையில் வடை வாங்குங்கள். தட்டையாக, மொறுமொறு என்று, கனநாள் கிடக்கும். பையில் வைக்க இதை விட நல்ல சாப்பாடு கிடையாது. அங்கிருந்து மணற்காட்டுக்கு ஓட்டோ பிடித்தால், மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் குன்றுகளுக்கு நடுவில் நிற்கும். விடிய அல்லது பின்னேரம் போங்கள், பகலில் மணல் காலைச் சுடும். பக்கத்தில் 2004 சுனாமியில் இறந்தவர்களைப் புதைத்த இடமும் இருக்கிறது, சத்தம் போடாமல் கடக்கவும்.

யாழ்ப்பாணம் திரும்ப 750 பஸ். அங்கே கொழும்பு இரவு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கருவாடு வாங்கியிருந்தால், மூன்று சுற்றுப் பொலித்தீனும் மேலே ஒரு பழைய பேப்பரும் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். வவுனியா தாண்டமுதல் மணம் கிளம்பினால் கொண்டக்டர் உங்களைத்தான் முதலில் பார்ப்பார், பை தூக்கி வந்தவர் நீங்கள் ஒருவர்தானே.